ஐந்தாம் வகுப்பில் இரண்டு பேர்

அப்பா மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் கணக்கராகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. குடும்ப விசா வந்துவிடும் என்று அவர் போனில் சொன்னதை, வந்துவிட்டது என்றே அம்மா எடுத்துக்கொண்டார். தஞ்சாவூரில் நானும் தங்கையும் படித்த பள்ளிகளுக்குப் போய் டி.சி. வாங்கிவிட்டார். அடுத்த ஞாயிறு சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயர் எங்கள் மூவரையும் முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, சபையாரை எழுந்து நிற்கச் சொல்லி, வழியனுப்பு ஜெபம் செய்தார். பெண்கள் சங்கம் ஒரு நீல நிற சூட்கேஸைப் பரிசாகக் கொடுத்தது. சங்கத்துச் செயலாளர் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

விசா வரவில்லை.

வழியனுப்பு ஜெபம் வாங்கியவர்கள் மறு ஞாயிறு அதே பெஞ்சில் போய் உட்காருவது எங்கள் சபையில் யாரும் பார்த்திராதது. டி.சி. வாங்கிய பள்ளியில் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கேட்கவும் அம்மாவுக்கு வாய் வரவில்லை. நாங்கள் விடியற்காலை ஆங்கில ஆராதனைக்குப் போகத் தொடங்கினோம். தெரிந்தவர்கள் யாரும் அதற்கு வரமாட்டார்கள். எங்களுக்கும் அங்கே ஒன்றும் புரியாது. தங்கை மட்டும் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சத்தமாகப் பாடுவாள். நான் வாயை மட்டும் அசைப்பேன்.

தங்கைக்கு ஆங்கிலம் தெரிந்ததற்கும் எனக்குத் தெரியாததற்கும் எங்கள் இருவரின் புத்தி காரணமில்லை. நான் பள்ளியில் சேர்ந்தபோது அப்பா அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சபைப் பள்ளியில், தமிழ் வழியில் என்னைப் போட்டார்கள். மூன்று வருடம் கழித்து அவள் முறை வந்தபோது ஊரில் வேன் வைத்த ஆங்கிலப் பள்ளிகள் வந்துவிட்டன. ஆலையில் சம்பளமும் ஏறியிருந்தது. ஒரே வீட்டிலிருந்து காலையில் நான் நடந்து போவேன், அவள் டையைக் கட்டிக்கொண்டு வேனுக்காக வாசலில் நிற்பாள். அதில் விசேஷமாக எதையும் நாங்கள் கண்டதில்லை.

மஸ்கட் பள்ளியில் ஏப்ரலில் வகுப்பு தொடங்கும். எந்த வகுப்புக்கு விண்ணப்பிக்கிறோமோ அந்த வகுப்புக்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்குள் விசா வந்துவிட்டால் பிள்ளைகள் தயாராக இருக்க வேண்டும் என்று, கூட வேலை செய்பவரின் பிள்ளைகளிடமிருந்து பழைய பாடப் புத்தகங்களையும் வினாத்தாள்களையும் வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் அப்பா கொடுத்தனுப்பினார். நான்காம் வகுப்பிலிருந்து எட்டு வரை இருந்தன. யாருக்கு எது என்று பார்த்து வீட்டிலேயே நடத்தும்படி அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

செருப்புக் கடையில் அளவு பார்ப்பது போல அம்மா பார்த்தார். எனக்கு எட்டிலிருந்து ஆரம்பித்தார். வயதுக்கு அதுதான் என் வகுப்பு. முதல் பக்கத்தில் ஒரு பத்தி, அதன் கீழே கேள்விகள். பத்தியில் எனக்குத் தெரிந்த சொற்களை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். ஏழு வந்தது. ஆறு வந்தது. கணக்கில் ஒரு செவ்வக வயல் இருந்தது.

“என்ன கேக்குறான்?” என்று தங்கையிடம் கேட்டேன்.

“பெரிமீட்டர் கேக்குறான்.”

“அப்படின்னா?”

“பெரிமீட்டர்னா பெரிமீட்டர்தான். இதுகூடத் தெரியாதா?”

படத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. சுற்றளவு. மனக்கணக்காகவே விடையைச் சொன்னேன். அவளுக்கு அந்தச் சொல் தெரியுமே தவிர, போடத் தெரியவில்லை.

“ரெண்டு பேரையும் சேத்துத் தச்சா ஒரு எட்டாங்கிளாஸ் தேறும்” என்றார் அம்மா.

தங்கை சிரித்தாள். அம்மாவும் சிரிக்கப் பார்த்தார். ஐந்தாம் வகுப்புத் தாளில் எனக்குப் பாதி வந்தது. தங்கைக்கு அது முழுவதும் வந்தது. அம்மா மற்றப் புத்தகங்களை நீல சூட்கேஸுக்குள் வைத்து மூடினார்.

“ரெண்டு பேருக்கும் அஞ்சே இருக்கட்டும். ஒரே பாடம், எனக்கும் லேசு. யாருகிட்டயும் சொல்லிக்க வேணாம்.”

நான் அந்தப் புத்தகத்துக்குப் பழுப்பு அட்டை போட்டேன். லேபிளில் பெயர் எழுதினேன். வகுப்பு என்ற இடத்தைக் காலியாக விட்டேன்.

அம்மாவுக்கும் ஆங்கிலம் அவ்வளவாக வராது என்பதால் பாடம் நடந்த விதம் இது: தங்கை வாசிப்பாள், நான் திருப்பிச் சொல்வேன், அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருவரையும் கேட்டுக்கொண்டிருப்பார். நான் தடுக்கினால் தங்கை ஸ்கேலால் மேஜையைத் தட்டுவாள். அவளுடைய பள்ளியில் டீச்சர் அப்படித்தான் தட்டுவாராம்.

அவள் தட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் செயலாளர் அக்கா உள்ளே வந்துவிட்டார். கையில் ஒரு பை உளுந்து.

“தோத்திரம். கீழ்வேளூர் வயல்ல வந்தது, கொண்டுபோற மாதிரி இருந்தா எடுத்துக்குங்கன்னு வந்தேன். என்ன இது, சின்னவ பாடம் எடுக்குறா, பெரியவ கைகட்டிக் கேக்குறா?”

“அவ சும்மா விளையாடுறா அக்கா” என்றார் அம்மா.

“விளையாட்டு இல்ல ஆன்ட்டி” என்றாள் தங்கை. “அக்காவுக்கு இங்கிலீஷ் வராது. நாங்க ரெண்டு பேரும் ஃபிப்த்.”

செயலாளர் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கெட்ட பார்வை இல்லை அது. என் உயரத்தைத்தான் பார்த்தார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது, அம்மாவின் காது வரை வளர்ந்திருந்தேன். பின்னால் செய்தித்தாளில் வேலை செய்தபோது, ஒருவர் பெயரை எழுதியதும் பக்கத்தில் வயதை எழுதுவது வழக்கமாகிவிட்டது. எழுதும்போதெல்லாம் அந்தப் பார்வை நினைவுக்கு வரும்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் அப்பா தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குக் கூப்பிடுவார். பூத்தின் கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தாது. லைன் கிடைத்தால் இரண்டு பக்கமும் கத்தித்தான் பேச வேண்டும், வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களுக்கு எல்லாம் கேட்கும். விசா கையெழுத்தாகிவிட்டது என்று அப்பா சொன்ன அந்த வெள்ளிக்கிழமை, பெஞ்சில் செயலாளர் அக்கா இருந்தார். பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் போன் பேச வந்திருந்தார்.

“நாளைக்கு ஃபாரம் குடுக்கணும். எந்தெந்தக் கிளாஸ் போடட்டும்?” அப்பாவின் குரல் வெளியே வரை வந்தது.

“சின்னவளுக்கு அஞ்சு” என்றார் அம்மா.

“பெரியவளுக்கு?”

அம்மா கண்ணாடி வழியே பெஞ்சைப் பார்த்தார். தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

“எட்டு.”

“எட்டா? எழுதிடுவாளா? தவறிட்டா சீட் கிடையாது. அப்புறம் அவள ஊருக்குத் திருப்பி அனுப்பி ஹாஸ்டல்லதான் விடணும். பேப்பர் வச்சுப் பாத்தியா இல்லயா?”

“பாத்தேன். நல்லா எழுதுறா.”

அம்மா அப்பாவிடம் பொய் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை. ஹாஸ்டலில் தமிழ் வழியில் எட்டாம் வகுப்பு நிச்சயம், என் உயரத்துப் பெண்களோடு. ஆனால் அவர்கள் மூவரும் மஸ்கட்டில் இருப்பார்கள். நான் ரிசீவரைப் பிடுங்கினேன் என்று தங்கை பிறகு எல்லோரிடமும் சொன்னாள். கைநீட்டி வாங்கியதாகத்தான் எனக்கு நினைவு.

“அப்பா, அஞ்சு. எனக்கும் அஞ்சே போடுங்க.”

அதையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வந்தபோது செயலாளர் அக்கா அம்மாவிடம், “அதனால என்ன, படிப்புதானே” என்றார். அம்மா தலையசைத்தார். பூத்திலிருந்து வீடு வரை அவர் எங்களுக்கு முன்னால் நடந்தார். அம்மாவை வெளியில் வைத்து நான் என்ன செய்திருக்கிறேன் என்பது அவருடைய முதுகைப் பார்த்தபடி நடந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நானே அவமானப்பட்டிருந்தால் அவ்வளவு கூசியிருக்காது.

நுழைவுத் தேர்வில் இருவரும் தேறினோம். என் வயதைப் பார்த்துவிட்டுப் பள்ளியில் தயங்கினார்கள். அப்பா இரண்டு முறை போய்ப் பேசிய பிறகு சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் சீருடையைத் தனியாகத் தைக்க வேண்டியிருந்தது. காலை வரிசையில் உயரப்படி தங்கை முன்னால் நிற்பாள், நான் கடைசியில் நிற்பேன். வகுப்பில் அவளுக்கு உடனே தோழிகள் கிடைத்தார்கள். ஒரு மாதம் போயிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் அவர்களில் ஒருத்தி என்னிடம் வந்து, உன் அம்மா இந்தியாவில் இருக்கிறாரா என்று கேட்டாள். எனக்கு விளங்கவில்லை.

“நீ அவளோட கசின்தானே?” என்றாள். “அவதான் சொன்னா.”

அந்தப் பக்கம் தங்கை டிபன் பாக்ஸைத் திறந்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பாக்ஸில் என்ன இருந்ததோ அதுவேதான் என்னுடையதிலும் இருந்தது. நான் மூடியைத் திறக்கவில்லை.

“ஆமாம்” என்றேன். அதைச் சொல்லும் அளவுக்கு எனக்கு ஆங்கிலம் வந்திருந்தது.