நின்ற நிலையில் எடுத்த பிரஷர்

அப்பா முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக். அதில் பாதி, கூண்டுக்கு அடியில் உள்ள குழியில் குனிந்தபடியே கழிந்தது. நடுவழியில் லிஃப்ட் நின்று உள்ளே யாராவது அலறினால், கதவுக்கு வெளியே நின்று, "பதறாதீங்க, நான் வந்துட்டேன்ல? இனி இது என் பேச்சைக் கேட்டுத்தான் ஆகணும்" என்பார். அடுக்குமாடிகளில் அவருக்கு 'வந்துட்டேன்ல' என்றே பேர்.

குனிந்து குனிந்து உழைத்த முதுகு அறுபது வயதில் பழி தீர்த்துக்கொண்டது. நரம்பு நசுங்கி வலது கால் மரத்துப்போனது. முதுகெலும்பு அறுவை சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. இரண்டாம் நாள் காலை எழுப்பி நிற்கவைக்க வேண்டும். படுத்தே கிடந்தவர் எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கும், பிரஷர் சரியும், கண் இருட்டும். அதனால் படுக்கவைத்து ஒருமுறை, உட்காரவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை அளக்க வேண்டும். உட்கார்ந்ததுமே சரிந்தால் அன்றைக்கு நிற்கவைக்கக் கூடாது.

பிசியோதெரபிக்காரர் பிரஷர் குறித்த தாளில் எண்களை மட்டும் பார்த்தார். மூன்று எண்களும் நன்றாக இருந்தன. எழுப்பினார். அப்பா எழுந்தார், விழுந்தார். பக்கத்துக் கட்டிலின் இரும்பு விளிம்பில் பின்மண்டை. மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

"பிரஷரெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சும்மா," என்றார் வார்டு பொறுப்பாளர். "நம்ம கையில என்ன இருக்கு? மனசைத் தேத்திக்கோங்க."

மகள் தேற்றிக்கொள்ளவில்லை. தொழிற்சாலைகளின் அழுத்தமானிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பது அவள் வேலை. அடக்கம் முடிந்த மறுநாளே விண்ணப்பம் எழுதிக் கொடுத்து அப்பாவின் தாள்களின் நகலை வாங்கினாள்.

படுத்த நிலை, பத்து மணி: 128/80. உட்கார்ந்த நிலை, பத்து ஐந்து: 126/80. நின்ற நிலை, பத்து பத்து: 124/80. ஒரே பேனா, ஒரே மூச்சில் எழுதிய எழுத்து. கூடவே இன்னொரு தாள். அப்பா விழுந்ததும் பிசியோதெரபிக்காரர் அழுத்திய அவசர மணியின் நேரத்தைக் கணினி தானாகக் குறித்துவைத்திருந்தது: பத்து மணி இரண்டு நிமிடம்.

வார்டைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவைப் போய்ப் பிடித்தாள்.

"எட்டு மணிக்கே பொறுப்பாளர் எல்லாருக்கும் எழுதி வச்சிருவார் கண்ணு. ஒவ்வொருத்தரையா நிக்கவச்சு அளந்தா மத்தியானம் ஆயிடுமாம். உங்கப்பாகூட என்கிட்ட சொல்லிச் சிரிச்சார், 'நான் இன்னும் படுத்திருக்கேன், என் தாள் மட்டும் எழுந்து நின்னுருச்சு'ன்னு."

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பொறுப்பாளரை விடக் கூடாது என்பது மட்டும் மனதில் கெட்டியாகிவிட்டது.

அவள் கொடுத்த புகாருக்கான விசாரணை அறையில் தலைமை மருத்துவர் நடுவில் இருந்தார். பொறுப்பாளர் எதிரில், கால்மேல் கால்.

"நிக்கவச்சு அளந்தீங்களா?" என்று கேட்டாள்.

"நானே அளந்தேன்மா."

"பத்து பத்துக்கா?"

"அதான் எழுதியிருக்கே."

அவசர மணித் தாளை நகர்த்தி வைத்தாள். "பத்து ரெண்டுக்கே விழுந்துட்டார். பத்து பத்துக்குத் தரையில ரத்தத்துல கிடந்தார். அப்போ நின்னது யாரு சார்?"

மேலே இருந்த கால் கீழே இறங்கியது. தலைமை மருத்துவர் ஒரு வெள்ளைத் தாளை அவர் முன் தள்ளி, "நடந்ததை எழுதிக் கொடுங்க" என்றார். பொறுப்பாளர் மகளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்காங்கம்மா. எழுதிக் கொடுத்தா வேலை போயிரும்."

"அவங்களுக்கு அப்பா இருக்கார்ல. எழுதுங்க."

எழுதினார். அளக்கவில்லை, காலையிலேயே எழுதிவைத்தேன் என்று நான்கு வரி. கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"படிங்க. எழுந்து நின்னு படிங்க."

நின்றார். படித்து முடித்தார். நாற்காலியைத் தேடி ஒரு கை பின்னால் போனது.

"உட்காரட்டுமேம்மா," என்றார் தலைமை மருத்துவர்.

"மூணு நிமிஷம் ஆகட்டும் டாக்டர். நிக்கவச்சு மூணு நிமிஷம் கழிச்சுத்தான் அளக்கணும்னு உங்க தாள்லயே அச்சடிச்சிருக்கு."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றரை நிமிடம்தான் ஆகியிருந்தது.