பந்தில்தான் கால் பட்டது

என் வலது முட்டிக்குள் லிகமென்ட் கிழிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய மைதானத்தில். கோப்பைப் போட்டி ஒன்றுமில்லை. எங்கள் கிளப்பே இரண்டு அணியாகப் பிரிந்து ஆடும் வாராந்திர ஆட்டம்தான்.

அந்தக் கிளப்பில் முதலில் பள்ளிப் பிள்ளைகள் ஆடுவார்கள். அவர்கள் முடித்ததும் பெரியவர்கள் இறங்குவோம். எங்களுக்குள் இரண்டு வகை உண்டு. கள்ளிக்குப்பத்திலும் சுற்றுப்புறத்திலும் பிறந்து வளர்ந்தவர்கள் ஒரு பக்கம். முந்தைய தலைமுறையில் இவர்கள் வீட்டில் வயல் கூலி வேலைக்குப் போனார்கள். இவர்கள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு பார்க்கிறார்கள். இன்னொரு பக்கம் என்னைப் போல வெளியூரிலிருந்து வந்து ஃபிளாட்டுகளில் குடியேறியவர்கள். நான் திருச்செங்கோட்டுக்காரன், சாஃப்ட்வேர் வேலை. டூவீலர் ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கும் எங்கள் செயலாளர் இரண்டு வகையையும் கலந்துதான் அணி பிரிப்பார். ஆனாலும் ஆட்டம் முடிந்து டீக்கடைக்குப் போனால் தனித்தனிக் கும்பலாகத்தான் நிற்போம். அதில் யாருக்கும் யார் மேலும் வருத்தம் கிடையாது. பேச ஒன்றும் இருக்காது, அவ்வளவுதான்.

அன்று என்னை மறித்தவர் உள்ளூர்க்காரர். எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் பிரெஸ் மிஷின் ஓட்டுகிறார். தகட்டை வைத்து பெடலை மிதித்தால் மேலிருந்து இறங்கி ஒரே அடியில் வெட்டி எடுக்கும் மிஷின். மைதானத்தில் ஸ்டாப்பர். அதாவது கோலுக்கு முன்னால் நின்று, வருகிறவனிடமிருந்து பந்தைப் பிடுங்குகிற இடம். தரையோடு சறுக்கி வந்து பந்தை மட்டும் தட்டிவிட்டுப் போவார். எதிரில் ஓடி வந்தவனுக்குப் பந்து போனதே இரண்டு அடி தள்ளித்தான் தெரியும். அதுவரை நானும் அவரும் "சார், பாஸு" என்று பந்து கேட்பதைத் தாண்டிப் பேசிக்கொண்டதில்லை.

அன்று நான் எதிரணியில் ஃபார்வர்டு. வலது ஓரமாகப் பந்தைத் தள்ளிக்கொண்டு போய் உள்ளே வெட்டினேன். எதிரே அவர். பந்தைக் கொஞ்சம் நீளமாகத் தட்டிவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. அவர் சறுக்கிக்கொண்டு வந்தார். அவருடைய பூட்ஸ் பந்தில் பட்டது, பந்து வெளியே போனது. நான் அவரைத் தாண்டிக் குதித்து வலது காலை ஊன்றினேன். உடம்பு ஒரு பக்கம் திரும்பியது, முட்டி திரும்பவில்லை. உள்ளே 'டப்' என்று ஏதோ விட்டுப்போனது.

வலி உடனே வரவில்லை. முதலில் கால் என்னுடையது இல்லாத மாதிரி இருந்தது. சுற்றி எல்லோரும் கூடிவிட்டார்கள். தண்ணீர் ஊற்றினார்கள், யாரோ காலைப் பிடித்து நீட்டப் பார்த்தார்கள். அவர் மட்டும் விழுந்த இடத்திலேயே புல்லில் உட்கார்ந்திருந்தார்.

அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னார். தொடையிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து முட்டிக்குள் பொருத்தினார்கள். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கிளப்பின் வாட்ஸாப் குழுவில் பெரிய வாக்குவாதம் நடந்திருக்கிறது. ஃபிளாட் பக்கத்து ஆட்கள் அது ஃபவுல் என்றார்கள். உள்ளூர்ப் பக்கம் சுத்தமான டேக்கிள் என்றது. படுத்தபடி எல்லாவற்றையும் படித்துவிட்டு நான் எழுதினேன்: "பந்தில்தான் கால் பட்டது. ஃபவுல் இல்லை." வாக்குவாதம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அடுத்த செய்தி அவருடையது. குரல் பதிவு.

"சார் பெருந்தன்மையா சொல்றாரு. அது ஃபவுலுதான். நான் லேட்டா வந்தேன். யாரும் எனக்கோசரம் பேச வேணாம்."



வீட்டுக்கு வந்த இரண்டொரு நாளில் கீழே செக்யூரிட்டி இன்டர்காமில் கூப்பிட்டு, ஒருத்தர் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார். அவர்தான். மேலே வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள்; முகத்தில் சிரிப்பு இல்லை.

"பிசியோதெரபிக்கு எப்டி சார் போவப்போற?"

"ஆட்டோ புக் பண்ணிக்குவேன்."

"ஆட்டோக்காரன் பள்ளம் பாத்தா ஓட்டுவான்? நான் வந்து இட்டுகினு போறேன். செகண்ட் ஷிப்டு மாத்திகினேன். காலைல ஃப்ரீயாத்தான் கீறேன்."

வேண்டாம் என்று நான் பல விதமாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டார். அவர் போனதும் மனைவி சொன்னாள்: "காலை உடைச்ச ஆளோட வண்டியிலேயே ஏறிப் போறீங்களா? நல்லா இருக்கு."

அப்படித்தான் போனேன். பழைய ஸ்ப்ளெண்டர் வண்டி. பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, பிரேஸ் மாட்டிய காலை நீட்டிக்கொள்வேன். ஊன்றுகோலை அவர் முன்னால் குறுக்கே வைத்துக்கொள்வார். பிசியோதெரபி நிலையம் இருந்த அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி கிட்டத்தட்ட நின்று ஏறும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

பிசியோதெரபி நிலையத்தில் காத்திருக்கிறவர்களுக்குப் பொழுதுபோக்கு அடுத்தவர் கதையைக் கேட்பது. எப்படி அடிபட்டது என்று யாராவது என்னைக் கேட்டால் அவர் முந்திக்கொள்வார்.

"நான்தான் சார் உடைச்சேன். ஃபுட்பால்ல."

"இல்லீங்க. பந்துலதான் பட்டுச்சு. நான் தப்பா கால ஊனிட்டேன்."

"சும்மா சொல்றாரு. ஃபவுலு அது."

எனக்குப் பயிற்சி கொடுத்த பெண் ஒருநாள் கையில் ரப்பர் பட்டையோடு நின்று சிரித்தாள். "ரெண்டு பேரும் வெளிய போய் ஒரு முடிவு பண்ணிட்டு வாங்க சார். அதுக்கப்புறம் எக்சர்சைஸ் பண்ணலாம்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இது பணிவோ மரியாதையோ இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அவர் மேல் குற்றம் இல்லை என்று நான் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவருக்குக் கோபம் வந்தது.

காரணம் தெரிந்தது வேறொரு நாள். மழை பிடித்துக்கொண்டதால் ஒரு மூடிய கடையின் தகரக் கூரைக்குக் கீழே வண்டியை நிறுத்தியிருந்தோம். நானாக ஒன்றும் கேட்கவில்லை. அவரே ஆரம்பித்தார்.

"எங்க கம்பெனில ஒருத்தன் கை போச்சு. என் பக்கத்து மிஷின்லதான். நான் நின்னுகினுதான் இருந்தேன். மிஷின் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல. திரும்பிப் பாக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. ஊட்டுக்குப் போய் சாப்ட்டேன், தூங்கினேன். ஒருத்தன் கை போனா நமக்கு இவ்ளோதானான்னு இருந்துச்சு." வண்டி சீட்டில் தெறித்த தண்ணீரைக் கையால் வழித்துவிட்டார். "ஆனா உன் முட்டி சத்தம் கேட்டுச்சு மச்சான். கிரவுண்டே அமைதியா இருந்துச்சு. நல்லாக் கேட்டுச்சு."

சார் என்பது மச்சான் ஆகிவிட்டதை அவர் கவனிக்கவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை. மழை விட்டதா என்று கையை வெளியே நீட்டிப் பார்த்தேன். அன்றிலிருந்து ஃபவுலா இல்லையா என்று அவரோடு வாதாடுவதை விட்டுவிட்டேன்.

ஊன்றுகோல் இல்லாமல் நடக்க ஆரம்பித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போய் ஓரமாக உட்கார்ந்தேன். மழைத் தண்ணீர் வடிந்து, கோல் கம்பத்துக்கு முன்னால் மட்டும் சேறு இருந்தது. அவர் ஃபார்வர்டு இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அங்கே அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வந்த பந்து காலில் பட்டு எங்கெங்கோ போனது.

செயலாளர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உனக்குத் தெரியாதா? உனக்கு அடிபட்டதுலேர்ந்து இப்டித்தான். பின்னால பேக்ல நிறுத்தினா ஆளு வரும்போது ஒதுங்கி வழி உடறான். கேட்டா, முன்னால போடு, நடுவுல போடுன்றான். நானும் உட்டுட்டேன்."

தினமும் என்னை வண்டியில் கூட்டிப்போனவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் அவருடைய ஆட்டத்தைப் பற்றிக் கேட்டதில்லை. எங்கள் பேச்சு முழுக்க என் முட்டியைச் சுற்றியே இருந்திருக்கிறது.

பூந்தமல்லியில் ஒரு சின்ன டோர்னமென்ட் வந்தது. நாக்-அவுட் ஆட்டம். ஆட முடியாவிட்டாலும் நானும் கூடப் போனேன். மெட்ரோ வேலைக்காகச் சாலையில் தடுப்பு வைத்திருந்ததால் வேன் நகராமல் நின்றது. கடைசிக் கொஞ்ச தூரத்தைப் பையோடு நடந்தே போனோம். பின்வரிசையில் பேக் ஆட வேண்டிய இரண்டு பேர் வரவில்லை, அவர்களுக்கு ஓவர்டைம். செயலாளர் வேறு வழியில்லாமல் அவரைப் பழைய இடத்தில் நிறுத்தினார்.

பாதி ஆட்டம் வரை நன்றாகவே போனது. பந்து எதிராளி காலுக்குப் போகும் முன்பே அவர் குறுக்கே வந்து எடுத்துக்கொண்டார். இரண்டாம் பாதியில் எதிரணியின் ஒல்லியான ஃபார்வர்டு ஒருவன் பந்தோடு நேராக அவரை நோக்கி ஓடி வந்தான். பந்து அவன் காலிலிருந்து விலகி வந்தது. பழைய ஆளாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருப்பார். அவருடைய உடம்பு முன்னால் சாய்ந்தது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. அவன் பக்கத்தில் புகுந்து கோல் அடித்தான். அந்த ஒரே கோலில் தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் கோல் காக்கிற எங்கள் கோலி கிளவுஸைக் கழற்றித் தரையில் அடித்தான். "இன்னா அண்ணாத்தே, வேடிக்கை பாத்துகினு நிக்கற? ஆட இஷ்டமில்லன்னா ஊட்லயே இரு!"

அவர் பூட்ஸின் கயிற்றை அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டினார். வேனில் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார். வேன் கிளம்பியதும் சொன்னார்:

"கால் போவல மச்சான். மூள 'போ'ன்னு சொல்லிச்சு. கால் போவல."

"தெரியும். பாத்தேன்," என்றேன். ஆறுதலாக எதையாவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

கோடையில் டாக்டர் என்னை ஆட அனுமதித்தார். ஆனால் ஓடிப் பார்த்தபோது பழைய வேகம் இல்லை. ஃபார்வர்டுக்கு நான் இனி உதவ மாட்டேன் என்று செயலாளர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். "பேக்ல நில்லு. உன் பக்கத்துல அவன நிறுத்தறேன். ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆளுக்குச் சமானமா வர்றீங்களான்னு பாப்போம்."

முதல் ஆட்டத்தில் எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு பையன் பந்தோடு நுழைந்தான். அவன் அவருக்குத்தான் பக்கத்தில் இருந்தான். அவர் பின்வாங்கிக்கொண்டே கத்தினார்: "நீ போ! நீ போ மச்சான்!"

யோசிக்க நேரமில்லை. வாழ்க்கையில் அதுவரை நான் தரையில் சறுக்கிப் பந்தை எடுத்ததில்லை. விழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். விழுந்த வேகத்தில் கால் பந்தில் பட்டு, பந்து உருண்டு அவர் காலடிக்குப் போனது. அவர் அதைத் தட்டி வெளியே அனுப்பிவிட்டு ஓடி வந்து என் முன்னால் குனிந்தார். முகம் வெளுத்திருந்தது.

"முட்டி? முட்டி இன்னா ஆச்சு?"

காலை மடக்கி நீட்டிக் காட்டினேன். முழங்கையில்தான் சிராய்ப்பு. அவர் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். 

யாரும் திட்டம் போடாமல் அதுவே எங்கள் முறையாகிவிட்டது. ஆள் நேராக வந்தால் நான் போவேன். என்னைத் தாண்டினால் அவர் பின்னால் நிற்பார். பந்து எங்கே வரும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிகிறது, கத்திச் சொல்வார். காலுக்குள் காலை விடுகிற வேலை மட்டும் என்னுடையது. ஆபரேஷன் பண்ணிக்கொண்டவன் பாய்கிறான், பண்ண வைத்தவன் வேடிக்கை பார்க்கிறான் என்று கோலி கிண்டல் செய்வான். அவரும் இப்போது அதற்குச் சிரிக்கிறார். என் மனைவிக்கு இன்னும் இந்த ஏற்பாடு புரியவில்லை. ஆனால் அவர் வீட்டுக்கு வந்தால் காபிக்குப் பதில் சாப்பாடு போடுகிறாள்.

அவர் இதுவரை ஒருமுறைகூட மறுபடி சறுக்கவில்லை. ஒருநாள் சறுக்குவார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

போன ஞாயிறு ஒரு கல்லூரிப் பையன் என்னைச் சுலபமாக ஏமாற்றிவிட்டுப் போனான். நான் தரையில் கிடந்தபடி பார்த்தேன். அவர் அவனிடம் பாயவில்லை. ஓர் அடி விலகி, அவனோடு கூடவே நகர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போனார். பையனுக்கு உதைக்க இடம் கிடைக்கவில்லை. கடைசியில் பந்து அவன் காலிலேயே பட்டுக் கோட்டுக்கு வெளியே போனது. யாரும் கைதட்டவில்லை, கைதட்டுகிற மாதிரி அதில் ஒன்றும் இல்லை. கோலி பந்தை எடுத்து வைத்தான். "ஏந்திரி மச்சான், எடத்துக்கு வா," என்று அவர் கையைக் காட்டினார். நான் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு என் இடத்துக்குப் போனேன்.