பேரையூரில் இருந்த நம்பர்

லத்தீபாவுக்குக் காலையிலிருந்தே முழங்கால் கடுத்தது. ஆனாலும் கணவர் நைனா முகமதைக் கைத்தாங்கலாகப் பிடித்து இ-சேவை மையத்துப் படியில் ஏற்றிவிட்டாள். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பூட்டும் டார்ச் லைட்டும் விற்றுக் குடும்பத்தை நடத்தியவர் அவர். இப்போது நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது. நெஞ்சில் அடைப்பு. ஸ்டென்ட் வைக்க வேண்டும், எழுபது வயது தாண்டியவர்களுக்கான காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

போன வருஷமே தெருமுனையில் முகாம் போட்டார்கள். "நல்லா இருக்கும்போது எதுக்கு வெயில்ல போய் நிக்கணும்?" என்று அவர் படுத்துக்கொண்டார். அவளும் விட்டுவிட்டாள். மல்லுக்கட்ட அன்று தெம்பில்லை.

மையத்தில் இருந்த இசைவாணி அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மெஷினில் வைத்துப் பார்த்தாள். ரேகை விழவில்லை.

"ஓடிபிதான் போடணும் பாட்டி. ஆதார்ல இருக்கிற நம்பர் யாரோடது?"

மகள் முபீனாவின் பழைய நம்பர். கல்யாணமாகிப் போனதும் அவள் அந்த சிம்மை விட்டுவிட்டாள். லத்தீபா கூப்பிட்டபோது யாரோ ஒருவர் எடுத்தார்.

"தம்பி, உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். அதச் சொன்னீங்கன்னா..."

"ஏம்மா, பேரையூர் பஸ் ஸ்டாண்டுல பஞ்சர் ஒட்டுறவன்கிட்ட என்னத்தத் திருடப் போறீங்க? வேற ஆளப் பாருங்க."

அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

"நம்பர் மாத்தணும்னாலும் ரேகை கேப்பாங்க பாட்டி," என்றாள் இசைவாணி.

மறுநாள் காலை கணவரை மையத்தில் இசைவாணியிடம் உட்கார வைத்துவிட்டு லத்தீபா பஸ் ஏறினாள். திருமங்கலத்தில் மாறி, பாதித் தூரம் நின்றுகொண்டே பேரையூர் போய்ச் சேர்ந்தாள். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இரண்டு பஞ்சர் கடைகள். இரண்டாவது கடைக்காரர் வாயைத் திறந்ததுமே குரல் தெரிந்துவிட்டது.

"நேத்து போன் பண்ணினது நான்தான் தம்பி."

அழகுபாண்டி ஆதார் அட்டையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "இதுக்காகவா மதுரையிலருந்து வந்தீங்க?"

"வேற யாரு இருக்கா எங்களுக்கு?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். லத்தீபா இசைவாணிக்குப் போன் போட்டு ஓடிபி அனுப்பச் சொன்னாள். முதல் ஓடிபி வந்தபோது டிராக்டர் டயரோடு மல்லாடிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துப் பார்ப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அப்புறம் சர்வர் நின்றது. லத்தீபா டயர் அடுக்கில் சாய்ந்து கண்ணயர்ந்தாள். மத்தியானத்துக்கு மேல் மறுபடி வந்த நம்பரை அவரே இசைவாணிக்கு ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். "தாத்தா, கண்ண மூடாம கேமராவப் பாருங்க," என்று அவள் அங்கே சொல்வது போனில் கேட்டது.

"தாத்தா பேரு பதிஞ்சாச்சாம்," என்றார் அழகுபாண்டி. "உங்களுக்குக் கார்டு இருக்கா ஆத்தா?"

"இல்ல. எனக்கும் எழுபது தாண்டிருச்சு. ஆதார்ல அதே நம்பர்தான். போட்டோவுக்கு நான் அங்க இருக்கணுமாம்."

"அங்க போய்க் கூப்பிடுங்க. எந்த வேலை கிடந்தாலும் எடுக்கிறேன்."

அட்டை வந்தது, ஸ்டென்ட்டும் வைத்தார்கள். நைனா முகமது தெருமுனை வரை நடக்கத் தொடங்கினார். லத்தீபாதான் கஞ்சி, மாத்திரை, பார்க்க வருகிறவர்கள் என்று தன் காரியத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவரே சொன்னார்: "நீயாவது நேரத்தோட போய்ப் பதிஞ்சுட்டு வா. என்னை மாதிரிப் பண்ணாத."

அவளுக்கு முதல் அழுத்தலிலேயே ரேகை விழுந்தது. யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. "அம்புட்டுதான் பாட்டி, கிளம்பலாம்," என்றாள் இசைவாணி. லத்தீபாவுக்கு எழுந்திருக்க மனசில்லை. மின்விசிறிக்குக் கீழே அப்படியே உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஆள் வந்து நாற்காலிக்குக் காத்து நின்ற பிறகுதான் மெல்ல எழுந்தாள்.