துறைமுகச் சாலை முக்கில் கேட்கப்பட்ட ஜெபம்

சென்ற ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச நாட்களில் ஒரு காலை, என் கணவர் செல்வராஜ் ஓட்டிய கண்டெய்னர் லாரியில் ஒரு பெண் அடிபட்டுவிட்டார். எங்கள் தெரு துறைமுகச் சாலையில் சேரும் முக்கில்தான் அது நடந்தது. அங்கே சிக்னல் கிடையாது. கடைகளின் தகரக் கூரை ரோடு வரை நீண்டிருக்கும். லாரியும் ஆட்டோவும் பள்ளிக்கூட வேனும் ஒன்றையொன்று முண்டும்.

நான் ஓடிப்போனபோது ஜனங்கள் என் கணவரை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் தடுக்கக்கூட இல்லை.

அடிபட்டவர் மீன் கம்பெனியில் வேலை பார்க்கும் ரோஸ்லின் அக்கா. பக்கத்துத் தெருதான். பெரிய ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார்.

ஜாமீனில் வந்த என் கணவர் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். "ஏளா, திரும்பும்போது எடப்பக்கம் ஒண்ணுமே தெரியல." இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சோறு இறங்கவில்லை. ஏதாவது செய்துகொள்வாரோ என்று, அவரைத் தனியே விட்டுவிட்டுக் கடைக்குப் போகவே பயந்தேன்.

ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வராது. "ஆண்டவரே, அந்த அக்கா கண்ணத் திறக்கணும்." அவ்வளவுதான். கேஸ் தீர வேண்டும் என்று கேட்க நாக்கு எழவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் அக்கா கண் திறந்தார். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். அக்காவின் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்காதான் கூப்பிட்டார்.

"இங்கன வாளா. ஒன் வீட்டுக்காரரு சாப்பிடுதாரா?"

நான் அழுதுவிட்டேன்.

"நானும் அவரப் பாக்கல, அவரும் என்னப் பாக்கல. அந்த முக்கு அப்படி. நான் எந்திரிச்சதும் சிக்னல் கேட்டு கலெக்டர் ஆபீசுக்குப் போவோம்."

சொன்னபடியே கம்பு ஊன்றி வந்தார். மனு கொடுக்கும் வரிசையில் சேர்ந்து நின்றோம். "வாரோம், பாக்கோம்" என்று அனுப்பினார்கள். மறுபடியும் போனோம். மழைக்காலம் வந்த பிறகுதான் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இப்போது சிக்னல் இருக்கிறது. கூரைகளை உள்ளே தள்ளிவிட்டார்கள். பள்ளிக்கூட நேரத்தில் கனரக லாரி அந்த வழியே வரக்கூடாது.

அக்காவின் கால் முழுதாகச் சரியாகவில்லை. கேஸும் முடியவில்லை. என் கணவர் மறுபடி வண்டி எடுக்கிறார். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியை நிறுத்தி, எட்டிப் பார்த்த பிறகுதான் திருப்புகிறேன் என்கிறார். சண்டே ஆராதனையில் அவர் முதலில் ஜெபிப்பது ரோஸ்லின் அக்காவுக்காகத்தான்.

நான் ஒரு உயிரைத்தான் கேட்டேன். என் வீட்டிலும் ஒரு உயிரை ஆண்டவர் காத்துக் கொடுத்தார். சகோதர சகோதரிகளே, உங்களுக்காகக் கேட்க வாய் வராத நேரம் வரும். உங்களால் அடிபட்டவர்களுக்காகக் கேளுங்கள். அதை அவர் கேட்கிறார்.