என் தம்பி எழுதாத கண்கள்

எங்கள் தெருவில் இருளம்மாள் என்று ஒரு பெண் இருந்தாள். தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடைக்கிற வேலை. ஒரு நாள் கையிலிருந்த பெட்டி உரசிப் பற்றிக்கொண்டதில் அவளுடைய இரண்டு புருவமும் பொசுங்கிவிட்டன. அன்று சாயங்காலம்தான் அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அவள் அம்மா எங்கள் வாசலில் வந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

என் தம்பி சங்கிலிமுத்து எழுந்து வந்தான். இருளம்மாளை வெளிச்சத்தில் உட்கார வைத்தான். விளக்குக் கரியில் சொட்டு எண்ணெய் விட்டுக் குழைத்து, லேபிள் எழுதுகிற மெல்லிய பிரஷால் அவளுக்குப் புருவம் எழுதினான். நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அழுதுறாத தாயி. அழுதா மீசையா எறங்கிரும்” என்றான்.

அவள் சிரித்துவிட்டாள். வந்தவர்கள், பெண்ணுக்குப் புருவம் லட்சணம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கல்யாணத்துக்குள் சொந்தப் புருவம் முளைத்துவிட்டது. தம்பி இதை யாரிடமும் சொன்னதில்லை. இருளம்மாளே சொல்லச் சொன்னதால் நான் எழுதுகிறேன்.

அவன் சிவகாசியில் ஒரு அச்சாபீசில் படம் எழுதிக்கொண்டிருந்தான். தீப்பெட்டி லேபிள், வெடிக்கட்டு லேபிள், காலண்டருக்கு லட்சுமி, முருகன். சாமி படத்துக்குக் கண்ணைக் கடைசியில்தான் எழுதுவான். அன்று தலைக்குக் குளித்து, பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் வேலைக்குப் போவான். அவன் எழுதிய மாரியம்மனை இன்றும் நான் விளக்கேற்றிக் கும்பிடுகிறேன். எந்தப் பக்கம் நின்றாலும் தாய் நம்மையே பார்ப்பாள்.

காரியாபட்டிப் பக்கம் பெண் எடுத்தோம். பெயர் சோலையம்மாள். எங்கள் வீடு ஒரே அறை. அதில் எங்கள் அம்மா, தாலியறுத்து வந்திருந்த நான், இவர்கள் இரண்டு பேர். பெரியவர்கள் இருக்கும் இடத்தில் புருஷனை நிமிர்ந்து பார்ப்பது எங்களில் வழக்கமில்லை. சோலை தட்டை வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் போய்விடுவாள். ஒரு நாள் அவள் குழம்பு கூட்டிக்கொண்டிருக்கும்போது தம்பி பென்சிலை எடுத்தான். அம்மா பார்த்துவிட்டாள்.

“ஏலே, உசிரோட இருக்கவள எழுதாத. ஆயுசு கொறஞ்சிரும்.”

சோலையும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தம்பி பென்சிலைக் கீழே வைத்தவன்தான், பிறகு அவளை எழுத எடுக்கவே இல்லை.

ஐம்பத்தைந்தாம் வருஷம் அவன் மலேயாவில் பினாங்குக்குப் போனான். ஒரு சீனர் வைத்திருந்த படக்கடைக்கு ஆள் வேண்டுமென்று அங்கே இருந்த ஊர்க்காரர் ஒருவர் அழைத்திருந்தார். அப்போது மகள் வள்ளித்தாய் தவழ்கிற பிள்ளை. அடுத்த சில வருஷத்தில் அம்மா போய்ச் சேர்ந்தாள். ஐம்பத்தொன்பது கார்த்திகையில் சோலையம்மாளும் காய்ச்சலில் கண்ணை மூடினாள். தந்தி போய்ச் சேர்ந்து, கப்பலில் இடம் கிடைத்து, அவன் வந்து சேர்வதற்குள் தை பிறந்துவிட்டது.

வள்ளித்தாய் அவனைக் கண்டதும் என் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். பிறகு மெல்ல வந்து கேட்டாள்.

“நீங்க படம் எழுதுவீகளாமே?”

“எழுதுவேன் தாயி.”

“எங்கம்மாவ எழுதித் தாங்க. எனக்கு மூஞ்சி மறந்து மறந்து போகுது.”

வீட்டில் சோலையின் போட்டோ ஒன்றுகூட இல்லை. தம்பி அன்றே பலகையை மடியில் வைத்து உட்கார்ந்தான். கூந்தல் முடிச்சு வந்தது. மூக்குத்தி வந்தது. தாடைக்குக் கீழே இருந்த சின்னத் தழும்புகூட வந்தது. கை ஓடிக்கொண்டிருந்தபோது என்னிடம் பேசவும் செய்தான்.

“அங்கன சாமி படம் கம்மிக்கா. செத்தவுக படந்தான் நெறைய. ரப்பர் தோட்டத்துல ஒருத்தர் செத்துப் போயிட்டா, அடையாள அட்டையில இருக்க நகத்தளவு போட்டோவக் கொண்டாந்து குடுப்பாக. பெருசா எழுதணும். அதப் பாத்து வீட்டுக்காரவுக அழுதா, சரியா வந்துருக்குன்னு அர்த்தம். எம்புட்டுப் பேரோட அம்மாவ எழுதியிருக்கேன் தெரியுமா.”

“பேசிக்கிட ஆளு உண்டா?”

“மொதலாளிக்கு நம்ம பேச்சு தெரியாது. எனக்கு அவரு பேச்சு தெரியாது. அதனால சண்டையே கெடையாது.” சிரித்தான். பிறகு, “மழைதான்க்கா கஷ்டம். தெனமும் பெய்யும். சாயம் காயாது. காயுற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கணும். அப்பத்தான் ஊரு நெனப்பு வரும்” என்றான்.

கண் எழுத வேண்டிய நேரம் வந்தது. எழுதினான், அழித்தான். வந்ததெல்லாம் காலண்டர் லட்சுமியின் கண். இரண்டு நாள் இதே பாடு. மூன்றாம் நாள் காலையில் குளித்து, சாமி படத்துக்கு இருப்பது போல ஒன்றும் சாப்பிடாமல் உட்கார்ந்தான். அப்போதும் வரவில்லை. பிரஷை வைத்துவிட்டான்.

“அவ என்னை நேராப் பாத்ததே இல்லக்கா. அங்கன இருக்கப்ப நெனச்சாலும் அவ முதுகுதான் வரும். தட்ட வச்சிட்டுக் கதவுக்கிட்டப் போற முதுகு. நீ பாத்திருக்கியே, சொல்லு. கண்ணு எப்படி இருக்கும்?”

தினமும் பார்த்த கண்தான். ஆனால் அதை எப்படிச் சொல்வது? பெரிசு என்றேன். இல்லை, நீளம் என்றேன். அவன் தலையை ஆட்டினான். எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் கடைசியில் சொல்ல முடிந்தது.

“கோயில்ல எம்பக்கத்துலதான் நிப்பா. கண்ண மூடினா, மணி அடிச்சு ஓஞ்ச பொறவும் தொறக்க மாட்டா. அம்புட்டு நேரம் தாயிட்ட என்னத்தடி கேக்கன்னு ஒருக்காக் கேட்டேன். ‘அவுக அங்கன நல்லா இருக்கணும்னுதான் மதினி’ன்னா.”

தம்பி துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது படம் முடிந்திருந்தது. சோலை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இமை இரண்டும் அவளுடையவைதான். என் கை தானாகக் குவிந்தது.

வள்ளித்தாய் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“அம்மா தூங்குறாகளா?”

அவள் அப்பன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான்.

அதன் பிறகு அவன் அந்த வீட்டில் ஒரு வேளைகூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தட்டு வைத்ததும் கண் கதவுப் பக்கம் போய்விடும். “இங்கனயே இருந்துரு தம்பி, பிள்ளைக்காச்சும்” என்றேன். “இருக்கத்தான் நெனக்கேன், முடியலக்கா” என்றான். மாசி முடிவதற்குள் கிளம்பிவிட்டான். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. அறுபத்தாறில் அங்கேயே மாரடைப்பில் போய்விட்டான். கடைக்காரர்தான் எல்லாக் காரியமும் செய்தாராம். அந்த நல்ல மனிதரை மாரியம்மன் காப்பாற்றட்டும்.

அவனை நான் கடைசியாகப் பார்த்தது விருதுநகர் ஸ்டேஷனில். வள்ளித்தாய் என் தோளில் தூங்கிவிட்டிருந்தாள். அவளை எழுப்பப் போனேன், வேண்டாம் என்றான். வண்டி அசைந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சொன்னான்:

“அவ மறுபடி கேட்டா, அம்மா தூங்கலன்னு சொல்லுக்கா. சாமி கும்புடுறாகன்னு சொல்லு. முடிஞ்சதும் கண்ணத் தொறந்து முதல்ல உன்னத்தான் பாப்பாகன்னு சொல்லு.”