பக்கத்து வீட்டில் இறங்கிய சாமான்

செவ்வாய்க்கிழமை காலை டில்லிபாபு போனில் அழைத்தார். "சார், எஸ்தர் அக்கா பூட்டாங்க சார். நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி போறதுக்குள்ளயே..."

தேர்வாய் கண்டிகையில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் அளவுச் சோதனை அறைக்கு எஸ்தர் பொறுப்பாளராக இருந்தார். பொன்னேரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். அவர் ஏறிவிட்டால் கடைசி சீட்டு வரை யாரும் தூங்க முடியாது என்று ஒரு புகார் உண்டு. அந்தப் புகாரை எனக்குச் சொன்னதே அவர்தான்.

ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுத நான் அங்கே போன நாள் நினைவுக்கு வருகிறது. பாகங்களை அளக்க ஒரு மென்பொருள் இருந்தது. அளவுகளை எக்செல் அறிக்கையாக்க, எஸ்தர் பைத்தான் என்ற கணினி மொழியில் சிறு நிரல் எழுதி அதில் சேர்த்திருந்தார். அன்று காலை அறிக்கை வரவில்லை. நிரலுக்குத் துணையாக வேண்டிய 'பேக்கேஜ்' என்ற நிரல் தொகுப்பைக் காணோம் என்று திரை சொன்னது. எஸ்தர் வருவதற்குள், அவருக்குக் கீழே வேலை பார்த்த டில்லிபாபு அதைத் தானே இணையத்திலிருந்து எடுத்து நிறுவிவிட்டார். நிறுவியாயிற்று என்று கணினியும் சொன்னது. அறிக்கை மட்டும் வரவில்லை.

"உன்னை யாருய்யா கை வைக்கச் சொன்னது? நல்லா ஓடிக்கினு இருந்ததைக் கெடுத்துட்ட. நாளைலேர்ந்து வராத" என்றார் மேலாளர். டில்லிபாபுவுக்கு இரண்டு பிள்ளைகள், வேலையோ ஒப்பந்தம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் எஸ்தர் உள்ளே வந்தார். "இன்னா தம்பி பண்ண?"

"இன்ஸ்டால்தான்க்கா பண்ணேன். ஆயிடுச்சுன்னு சொல்லுச்சு."

"ஆச்சு. எந்த ஊட்ல ஆச்சு?" திரையைப் பார்த்துவிட்டு மேலாளரிடம் திரும்பினார். "சார், இதுல பைத்தான் ரெண்டு கீது. ஒண்ணு கம்ப்யூட்டரோடது. இன்னொண்ணு, அளக்குற சாஃப்ட்வேர் தனக்குன்னு உள்ளாற வச்சிக்கினு கீறது. ஒரே பேரு, வேற வேற ஊடு. தம்பி சாமானைப் பக்கத்து ஊட்ல இறக்கிட்டாரு. அங்க இறக்கினா இங்க எப்டி சார் கெடும்?"

"அப்ப நேத்து ஓடினது இன்னிக்கு ஏன் ஓடல?"

எஸ்தர் சிரித்தார். "அது நான் சார். நேத்து சாயங்காலம் சாஃப்ட்வேரைப் புது வெர்ஷனுக்கு மாத்தினேன். உள்ளாற இருந்த பைத்தானும் புதுசாயிடுச்சு. பழசுல நான் போட்டிருந்த பேக்கேஜ் அதோட பூட்ச்சு. ஓட்டிப் பாக்காம பஸ்ஸைப் புடிக்க ஓடிட்டேன். வராதன்னு சொல்றதுன்னா என்னாண்ட சொல்லுங்க. ஆனா நான் பர்மனென்ட்டு. லெட்டர் அடிக்கணும், உங்களுக்குத்தான் பேஜாரு."

மேலாளரே சிரித்துவிட்டார். டில்லிபாபு மறுநாளும் வேலைக்கு வந்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

எஸ்தர் அவரையே உட்காரவைத்து, மென்பொருளுக்குள் இருந்த பைத்தானைக் கொண்டே பேக்கேஜை நிறுவச் சொன்னார். அறிக்கை வந்தது. பிறகு பேக்கேஜுகளை மென்பொருளுக்கு வெளியே தனி ஃபோல்டரில் வைத்து, அதன் இடத்தை உள்ளே இருக்கும் பைத்தானுக்குத் தெரிவிக்கும்படி மாற்றினார். "இனிமே வெர்ஷன் மாத்தினா ஃபோல்டர் காலியாவாது. அதுக்காக ஓட்டிப் பாக்காமப் போவாத. புது பைத்தானுக்குப் பழைய பேக்கேஜ் சேராமலும் போவும். என்னை மாதிரி பஸ்ஸுக்கு ஓடாத" என்றார்.

கிளம்பும்போது, நடந்ததை அவர் பெயரில்லாமல் எழுதட்டுமா என்று கேட்டேன். "பேரைப் போட்டே எழுதுங்க சார். இல்லன்னா தப்பு பண்ணது டில்லின்னு நெனச்சிப்பாங்க."

பெயரைப் போட்டே எழுதினேன். எஸ்தரிடமிருந்து என்னிடம் தங்கியது ஒரு சிறு பழக்கம். என் செய்தியில் பிழை வந்தால், திருத்தத்தில் 'தவறு நேர்ந்துவிட்டது' என்று இப்போது எழுதுவதில்லை. 'தவறு செய்தேன்' என்று எழுதுகிறேன்.