மீசையை வென்ற புழுக்கள்

நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு இன்றுவரை வராது. கல்யாண வீடுகளில் தூணுக்குப் பின்னால்தான் என் இடம். அப்படிப்பட்ட நான் ஒன்பது வயதில், பவானிபூர் வீட்டு முற்றத்தில், வங்காளிகளும் தமிழர்களுமாகக் கூடியிருந்த ஒரு சபையில் வாதாடி ஜெயித்திருக்கிறேன். என் பக்கத்துச் சாட்சிகள் சேற்றுப் புழுக்கள்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம் இருந்தது. கீழ்க்கட்டில் குடியிருந்த வீட்டுக்காரரின் மனைவி அதன் படித்துறையில்தான் பாத்திரம் துலக்குவார். அக்கம்பக்கத்தில் எல்லாரையும் போல நாங்களும் அவரை மாசிமா என்றுதான் கூப்பிடுவோம். அவர் எழுந்து போனபின் நான் போய்க் குந்திக்கொள்வேன். தண்ணீருக்கடியில், சேற்றின் மேல், சிவப்பு நூல்களை நட்டு வைத்ததுபோல் ஏதோ நின்று ஆடும். என் நிழல் பட்டால் போதும், அத்தனையும் சேற்றுக்குள் ஒளிந்துவிடும். அசையாமல் காத்திருந்தால் ஒவ்வொன்றாக வெளியே வரும். அந்தக் கூச்சம் எனக்குப் பழக்கமானது. அதனாலேயே அவற்றை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அம்மாவின் தம்பி எங்களோடு இருந்தார். கிடர்பூர் துறைமுகத்தில் ஓர் ஆபீஸில் அவர் குமாஸ்தா. அவர் கொண்டுவந்து தந்த கண்ணாடி பிஸ்கட் ஜாடியில் சேற்றையும் புழுக்களையும் அள்ளிவந்து மாடிப்படியின் கீழ் வைத்துக்கொண்டேன். பார்க்கப் பார்க்க விஷயம் புரிந்தது. மேலே ஆடுவது புழுவின் வால். தலை அடியில் சேற்றைத் தின்றுகொண்டிருக்கிறது. தின்ற சேறு வால் வழியாக மேலே வந்து, கடுகைவிடச் சின்ன உருண்டைகளாக விழுகிறது. ஜாடியின் அடிச்சேறு ஓயாமல் மேலே வந்துகொண்டிருந்தது.

இதை அம்மாவிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் தினமும் நடந்த சண்டை மாமாவின் மீசையைப் பற்றியது. இரு முனைகளையும் முறுக்கி மெழுகு தடவிய மீசை. எங்கள் ஜனங்களில் அப்போது யாரும் மீசை வைப்பதில்லை. அன்றும் சாப்பிடும்போது அப்பா ஆரம்பித்தார்.

"கும்பகோணத்துக்காரர் வைகாசியிலேயே முகூர்த்தம் வெச்சுக்கலாம்கறார். ஆனா மீசை வெச்ச மாப்பிள்ளைக்குப் பொண்ணு குடுக்கமாட்டாராம்."

"யார் சொன்னாலும் எடுக்கறதா இல்லை, அத்திம்பேர். ஆபீஸ் பூரா சொல்லிட்டேன்."

பேச்சை மாற்றுவதற்காக அம்மா என் சேற்றுக் கதையை எடுத்துவிட்டாள். மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

"சேறு அடியில தங்கும்டீ, எங்கயாவது மேல ஏறுமோ? ஏறித்துன்னு காட்டு, இந்த மீசையை எடுத்துடறேன்!"

அப்பா சோற்றுக் கையோடு நிமிர்ந்தார். "சொன்ன சொல் மாறப்படாது."

"மாறமாட்டேன். ஆனா இவ தோத்தா ஜாடி குளத்துக்குப் போயிடணும். அப்புறம் படித்துறைப் பக்கமே தலை காட்டப்படாது."

வருஷப்பிறப்பன்று தீர்ப்பு என்று முடிவாயிற்று. இரண்டு கட்சியிலும் சேராதவர் என்பதால் மாசிமா நீதிபதி.

மறுநாள் ஜாடிச் சேற்றின் மேல் வெள்ளைக் கோலப்பொடியை மெல்லத் தூவினேன். பொடி கனத்தால் தானே அமுங்கிவிட்டது என்று மாமா சாதிப்பார் என்று தோன்றியது. அதனால் ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கெஞ்சி வாங்கி, மொட்டைமாடி வெயிலில் காயவைத்துப் பொடித்த குளத்துச் சேற்றைத் தண்ணீர் விட்டு அதில் நிரப்பினேன். அதில் ஒரு புழுவும் இல்லை. அதன் மேலும் அதே பொடியைத் தூவி, அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

பெரிய ஜாடியில் வெள்ளைக்கோடு மங்கிற்று. பிறகு அதன்மேல் கறுப்பு படர்ந்தது. நான் சோறு தண்ணீர் மறந்தேன்.

பங்குனிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். பண்டிகைக்கு வீடு கழுவுவதற்காக அம்மா ஜாடியை மொட்டைமாடியில் வைத்துவிட்டாளாம். உச்சி வெயில். தண்ணீர் சுட்டால் புழுக்கள் செத்துவிடும். மூச்சிரைக்க ஓடினேன். மாடியில் ஜாடி இல்லை. அது மாடிப்படியின் கீழ், பழைய இடத்திலேயே, ஈரத்துண்டு சுற்றி இருந்தது. துண்டு மாமாவுடையது.

"என் ஜாடியைத் தொட்டேளா?"

"வழியில கிடந்தது. கால்ல இடறித்து," என்று மாமா எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஏமாற்றப் பார்க்கிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அன்றிலிருந்து ஜாடியின் பக்கத்திலேயே படுத்தேன்.

எங்கள் வருஷப்பிறப்பும் வங்காளிகளுடையதும் அடுத்தடுத்து வரும். மாசிமா சந்தேஷ் இனிப்புத் தட்டோடு வந்தார். அவர் பின்னால் அவர்கள் வீட்டுக் கூட்டம் முழுவதும் வந்தது. ஜாடியை முற்றத்தின் நடுவில் வைத்தார்கள். மாசிமா குனிந்து பார்த்தார்.

"ஓமா! வெள்ளையைக் காணோமே, எங்கே போச்சு?" என்று வங்காளியில் கேட்டார்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். கண்ணாடியில் விரலை வைத்து, "நீச்சே" என்றேன். கீழே என்று அர்த்தம். கறுப்புச் சேற்றின் அடியில் வெள்ளைக்கோடு வேட்டிக்கரை போல ஜாடியைச் சுற்றிலும் ஓடியது.

"பொடி கனம். தானா அமுங்கிடுத்து," என்றார் மாமா.

நான் உள்ளே ஓடி ஊறுகாய் ஜாடியைத் தூக்கிவந்தேன். அதில் சேற்றின் மேல் பொடி வெள்ளைவெளேரென்று அப்படியே கிடந்தது.

"அப்போ இது ஏன் அமுங்கலை, மாமா?"

என் குரல் எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. மாசிமா சங்கை எடுத்துவரச் சொல்லி ஊதியே விட்டார். அப்பா என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டார். அந்த உயரத்திலிருந்து முற்றத்தைப் பார்த்ததை இப்போது நினைத்தாலும் முதுகு தானாக நிமிர்கிறது.

நாவிதர் வந்தார், மீசை போயிற்று. மாமாவின் முகம் பள்ளிக்கூடப் பையனுடையது போல ஆயிற்று. தோற்றவர் அழவில்லை. எனக்கு வெல்லக்கட்டி வாங்கித் தந்து, நாள் முழுக்கச் சீட்டியடித்தபடி இருந்தார். தோல்வியை மறைக்கிறார், பாவம் என்று இரங்கினேன்.

வைகாசியில் கும்பகோணத்தில் கல்யாணம் நடந்தது. அந்தக் கால வழக்கப்படி மாமி எங்கள் வீட்டுக்கு வந்து சேர இரண்டு வருஷம் ஆயிற்று. வந்த அன்றே மாடிப்படியின் கீழ் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜாடியை உற்றுப் பார்த்தாள்.

"என் கல்யாணத்தை நடத்திவெச்ச இதுகளுக்குத்தானா நான் கற்பூரம் ஏத்தணும்? ஏண்டீ, வெயில்ல வாடப்படாதுன்னு உங்க மாமா துண்டை நனைச்சுச் சுத்தினாராமே, நிஜமா?"

வாசற்படியில் நின்ற மாமா இருமினார். அவர் முகம் புழு நிறத்துக்குச் சிவந்தது. அன்று ஜாடியைத் தொட்ட குற்றத்தை ஒருவழியாக மாமியிடமாவது ஒப்புக்கொண்டுவிட்டாரே என்று நினைத்து, நான் அவரை மன்னித்துவிட்டேன்.